ஏர்பிரஷும் கம்ப்ரசரும்: ஸ்கேல் மாடலுக்கு முதன்முதலாக வண்ணம் தெளிப்பவர்களுக்கு

காற்றின் விசையால் வண்ணத்தை நுண்துளியாகத் தெளிக்கும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷை வாங்கிய முதல் எட்டு மாதங்களில் நான் முழுதாக முடித்த சிற்றுருவ மாடல்கள் இரண்டு மட்டுமே. மற்ற நாட்களெல்லாம் வண்ணம் வெளிவரும் நுண்ணிய முனையான நாசில் அடைத்துக்கொள்ள, அதைக் கழற்றி மாட்டுவதிலும், மணல் தூவியதுபோல் சொரசொரத்துப் போன வண்ணத்தைத் தேய்த்து எடுப்பதிலும் கழிந்தன. கைக்குள் இருக்கும் கருவிதான் சரியில்லை என்று அத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். கோளாறு அதற்குப் பின்னால் வந்த காற்றிலும் அதற்குள் நான் ஊற்றிய வண்ணத்திலும் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. நீங்கள் இப்போது வாங்கத் தொடங்குகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். அந்த எட்டு மாதங்கள் உங்களுக்கு மிச்சமாகும்.

1. பணத்தை முதலில் பிரித்து வையுங்கள்

புதிதாக வருபவர்கள் அனேகமாக எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: நல்ல ஏர்பிரஷ் ஒன்றை வாங்கிவிட்டு, அதற்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரில், கையில் மிஞ்சிய பணத்தில் கிடைத்ததை எடுத்துக்கொண்டேன். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒதுக்கிய தொகையில் ஏறத்தாழப் பாதி கம்ப்ரசருக்கு, கால் பங்கு ஏர்பிரஷுக்கு, மீதிக் கால் பங்கு முகமூடி, காற்று வெளியேற்றும் ஏற்பாடு, வண்ணத்தை நீர்க்கச் செய்யும் தின்னர், சுத்தம் செய்யும் பொருட்கள் ஆகியவற்றுக்கு. நடுத்தர விலை ஏர்பிரஷ் சீரான காற்று கிடைத்தால் நன்றாகவே வேலை செய்யும். எத்தனை உயர்ந்த ஏர்பிரஷானாலும் துடித்துத் துடித்து வரும் ஈரக்காற்றில் ஒழுங்காகத் தெளிக்காது. அதோடு, ஏர்பிரஷைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், கம்ப்ரசரை ஒரு முறைதான் வாங்குவோம்.

கடைசிக் கால் பங்கை விட்டுவிடாதீர்கள். தொடர்ந்து செலவாகப் போவது தின்னர்தான். ஒவ்வொரு வண்ணத்தையும் கலக்கவும், வண்ணம் மாற்றும்போதெல்லாம் கழுவவும் அது வேண்டும் என்பதால், வண்ணத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தீரும். வண்ணப் புட்டி அளவுள்ள சிறு தின்னர் புட்டிகளை வாங்காமல், தொடக்கத்திலேயே பெரிய புட்டியாக வாங்கினால் செலவு வெகுவாகக் குறையும்.

கம்ப்ரசருக்குப் பதிலாக அழுத்தவாயு அடைத்த டின்களோடு தொடங்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தெளிக்கத் தெளிக்க அந்த டின் குளிர்ந்துபோய் அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். பழகும் கைக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. சில டின்கள் வாங்கும் பணம் சேர்ந்தாலே கம்ப்ரசர் விலையில் ஒரு நல்ல பகுதி வந்துவிடும். தொகை போதவில்லையென்றால் சில வாரங்கள் காத்திருப்பதே நல்லது.

வாங்கும்போது பெட்டிக்குள் இருக்கவேண்டிய தாள்களையும் பார்த்துவிடுங்கள். கம்ப்ரசரின் உத்தரவாதச் சீட்டும் ரசீதும் ஒன்றாக இருக்கட்டும். அது எந்த வோல்ட்டுக்கு உரியது என்பதை மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே படியுங்கள். வேறு நாட்டுக்கென்று தயாரான 110 வோல்ட் கம்ப்ரசரை 230 வோல்ட் இணைப்பில் செருகினால் மோட்டார் எரிந்துபோகும். ஏர்பிரஷோடு வரும் கையேட்டில் உதிரிபாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படம் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாசில் தொலைந்த நாளில் அதன் பாக எண் இல்லாமல் மாற்று வாங்க முடியாது.

2. கம்ப்ரசரில் நான்கு உறுப்புகள் கட்டாயம்

காற்றுத்தொட்டி, அழுத்தம் நிரம்பியதும் தானே நிற்கும் சுவிட்ச், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும், மானியோடு கூடிய ரெகுலேட்டர், ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி. இந்த நான்கும் இல்லாத எதையும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்.

பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலேறும்போதும் காற்றை ஒரு தள்ளு தள்ளுகிறது. தொட்டி இல்லையென்றால் அந்தத் துடிப்பு அப்படியே குழாய் வழியாக நாசிலுக்கு வந்து, மெல்லிய கோடு இழுக்கும்போது கோடு முழுவதும் மணி கோத்ததுபோல் தெரியும். 3 லிட்டர் தொட்டி இருந்தாலே இது அடங்கிவிடும். தொட்டி இல்லாத கம்ப்ரசர் நீங்கள் தெளிக்கும் நேரம் முழுவதும் ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதால் அதிகம் சூடேறும். சூடான காற்று குழாயில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் நீராக மாறும்.

அந்த நீர் என்ன செய்யும் என்பதை ஒரு விமான மாடலின் இறக்கையில் கண்டேன். வெளிர் சாம்பல் நிறத்தை அரை மணி நேரமாக மெல்ல மெல்ல ஏற்றி, கடைசிப் பூச்சுக்கு வந்திருந்தேன். திடீரென்று ‘ப்ஸ்’ என்ற சத்தத்தோடு இரண்டு சொட்டு நீர் இறக்கையின் நடுவில் வந்து விழுந்தது. விழுந்த இடத்தில் வண்ணம் விலகி, சுற்றிலும் வளையம் கட்டி, நடுவில் அடிப்பூச்சான பிரைமர் தெரிந்தது. அன்று காற்றில் ஈரப்பதம் மிகுதி. என் கம்ப்ரசரில் வடிகட்டி கிடையாது. இறக்கை முழுவதையும் தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

மாடலுக்கென்று விற்கப்படும் எண்ணெயில்லா பிஸ்டன் கம்ப்ரசர்களில் பரவலாகக் காணப்படும் அளவுகள் இவை: 1/6 முதல் 1/5 குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் காற்று, 3 லிட்டர் தொட்டி, சுமார் 3 பாரில் மோட்டார் ஓடத் தொடங்கி 4 பாரில் நின்றுவிடும் சுவிட்ச். பார், பிஎஸ்ஐ இரண்டும் அழுத்தத்தின் அளவுகள்; ஒரு பார் என்பது ஏறத்தாழ 14.5 பிஎஸ்ஐ. மாடல் வேலைக்கு நீங்கள் பயன்படுத்தப்போவது பெரும்பாலும் 12 முதல் 25 பிஎஸ்ஐ வரைதான், ஆகவே இந்த அளவு போதும். இதற்கு மேல் பணம் போட வேண்டியதில்லை. பட்டறைகளில் ஆணியடிக்கவும் டயருக்குக் காற்று நிரப்பவும் வைத்திருக்கும் பெரிய கம்ப்ரசர் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், நுட்பமான ரெகுலேட்டரும் வடிகட்டியும் சேர்த்து அதையே பயன்படுத்தலாம்; சத்தம்தான் பொறுக்க முடியாததாக இருக்கும். ஏர்பிரஷின் அடியிலேயே மாட்டிக்கொள்ளும் மின்கலக் கம்ப்ரசர்களைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் அழுத்தத்தை நுணுக்கமாக மாற்ற வழியில்லை, பழகும்போது நமக்கு வேண்டியதோ அதுதான்.

பலரும் கவனிக்காத ஒன்று: ரெகுலேட்டர் மானியில், காற்று ஓடாதபோது தெரியும் எண் வேறு, ஏர்பிரஷில் விரலால் இயக்கும் விசையான ட்ரிகரை அழுத்திக் காற்று ஓடும்போது தெரியும் எண் வேறு. சும்மா இருக்கையில் 20 காட்டும் மானி, அழுத்தியதும் 15-க்கு இறங்கக்கூடும். நாசிலில் வந்து சேரும் அழுத்தம் இரண்டாவதையே ஒட்டியிருக்கும். எனவே எப்போதும் ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே ரெகுலேட்டரைத் திருகி அளவை வையுங்கள். இது தெரியாமல், மற்றவர்கள் சொன்ன அழுத்த எண்களையெல்லாம் நான் தவறாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்ற ஒரு நிமிடம் ஆகும். அதைச் செய்யாமல் விட்டால் தொட்டி உள்ளே துருப்பிடிக்கும். தலைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானால் கம்ப்ரசரை நிறுத்தி ஆறவிடுங்கள்.

3. முதல் ஏர்பிரஷ்: இரட்டை இயக்கம், மேலே கிண்ணம், 0.3 மி.மீ.

ட்ரிகரைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம் என்று இரண்டையும் தனித்தனியே கட்டுப்படுத்தும் வகையே இரட்டை இயக்கம். ஒற்றை இயக்கம் பழக எளிது என்பார்கள். பழகியபின் அதன் எல்லை சீக்கிரம் வந்துவிடும், மறுபடியும் பணம் போட வேண்டும். கிண்ணம் மேலே இருந்தால் வண்ணம் தன் எடையாலேயே இறங்குவதால் குறைந்த அழுத்தமே போதும், ஓரிரு சொட்டு வண்ணத்திலும் வேலை செய்யலாம். அடியில் புட்டி மாட்டும் வகை, ஒரே நிறத்தைப் பெரிய பரப்பில் தெளிப்பவர்களுக்கு ஏற்றது.

0.2 மி.மீ. நாசில் மெல்லிய கோட்டுக்கு நல்லது, ஆனால் வண்ணத்தில் சிறு துகள் இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். 0.5 மி.மீ. பிரைமருக்கும் வார்னிஷுக்கும் வசதியானது. இரண்டுக்கும் நடுவில் 0.3 தான் தொடங்குபவருக்குரிய அளவு, 0.35-உம் சரியே. நாசிலுக்குள் நகரும் ஊசியும் நாசிலும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே அளவுக்குரிய இணையாக இருக்க வேண்டும். எண் ஒன்றுதானே என்று வேறொன்றின் ஊசியை மாட்டினால் முனை பொருந்தாமல் ஒழுகும்.

நாசில் பொருந்தும் விதத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் நாசில் வெறுமனே அமர்ந்திருக்கும், முன்மூடி அதைப் பிடித்துக்கொள்ளும். வேறு சிலவற்றில் அரிசியைவிடச் சிறிய நாசிலைச் சின்னத் திறப்பானால் திருக வேண்டும். என்னுடையது இரண்டாம் வகை. ஒழுகுகிறதோ என்ற சந்தேகத்தில் இன்னும் கால் சுற்று இறுக்கினேன்; ‘டிக்’ என்ற மெல்லிய சத்தம், நாசிலின் மரை உடலுக்குள்ளேயே முறிந்து நின்றுவிட்டது. இறுக்குவதற்கு இரண்டு விரல்களின் வலிமையே அதிகம். தடுப்பு தட்டியதும் நிறுத்திவிட வேண்டும். திருகு வகையை வாங்குவதானால் மாற்று நாசில் ஒன்றை அன்றே சேர்த்து வாங்குங்கள். எந்த வகையானாலும் மாற்று ஊசி ஒன்று இருப்பது நல்லது.

காட்டமான கரைப்பான் கொண்ட லாக்கர் வண்ணம் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், உள்ளே இருக்கும் வளையங்கள் சாதாரண ரப்பரா, டெஃப்லானா என்பதையும் பாருங்கள். லாக்கர் தின்னரில் சாதாரண ரப்பர் வீங்கி, ஊசி நகரவே சிரமப்படும்.

4. இணைத்தலும் கசிவு பார்த்தலும்

ஏர்பிரஷ்களில் பரவலான மரை 1/8 அங்குல பிஎஸ்பி என்ற குழாய் மரை. இவாட்டா போன்ற தயாரிப்பாளர்கள் இதையே பயன்படுத்துகிறார்கள். பேட்ஜர், பாஷே ஆகியவற்றுக்குத் தனி மரை உண்டு, மாற்று இணைப்பான் தேவைப்படும். குழாய் வாங்கும் முன் இரு முனைகளின் அளவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகம் உலோகத்தோடு சேரும் மரைகளில் டெஃப்லான் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ரப்பர் வளையம் உள்ள இடங்களில் நாடா வேண்டாம், கையால் இறுக்கினால் போதும். பிறகு தொட்டியை நிரப்பி, சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வோர் இணைப்பிலும் தடவுங்கள். குமிழ் வந்தால் அங்கே கசிகிறது. யாரும் தெளிக்காதபோதும் கம்ப்ரசர் அடிக்கடி தானாக ஓடி நிற்கிறதென்றால் எங்கோ கசிவிருக்கிறது என்று பொருள்.

5. மூச்சுக்கும் தீக்கும் உரிய ஏற்பாடு, முதல் சொட்டுக்கு முன்பே

நீரில் கரையும் அக்ரிலிக் வாசனையில்லாமல் இருப்பதால் முகமூடி தேவையில்லை என்று எண்ணாதீர்கள். எந்த வண்ணமானாலும் அது நுண்துளியாகிக் காற்றில் மிதக்கிறது. அது நுரையீரலுக்குப் போகக்கூடாது. N95 போன்ற தூசு முகமூடி துளிகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. லாக்கர், எனாமல், ஆல்கஹால் அடிப்படை அக்ரிலிக் இவற்றுக்குக் கரிம ஆவி வடிகட்டியும் துகள் வடிகட்டியும் சேர்ந்த அரைமுக மூச்சுக்காப்பே வேண்டும். அணிந்திருக்கும்போதே தின்னர் வாசனை தெரிந்தால், ஒன்று முகத்தில் சரியாகப் படியவில்லை, அல்லது வடிகட்டியின் ஆயுள் முடிந்துவிட்டது. பயன்படுத்தாத நேரத்தில் காற்றுப் புகாத பையில் மூடி வையுங்கள். திறந்தே கிடந்தால் அது அறைக்காற்றிலிருந்தே நிரம்பிக்கொண்டிருக்கும்.

மாடலை உள்ளே வைத்துத் தெளிப்பதற்கான, விசிறியுள்ள தெளிப்புப் பெட்டி காற்றைச் சன்னலுக்கு வெளியே தள்ள வேண்டும். பின்னால் வெறும் பஞ்சு வடிகட்டி வைத்து அறைக்குள்ளேயே திருப்பி விடும் பெட்டி துளியைப் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். பெட்டியை நீங்களே செய்வதானால், கரைப்பான் ஆவி செல்லும் பாதையில் தீப்பொறி தரக்கூடிய மோட்டாரை வைக்காதீர்கள்; தீப்பற்றும். அதே காரணத்தால் அடுப்போ விளக்குச் சுடரோ உள்ள அறையில் தெளிக்கக்கூடாது. பயன்படுத்திய தின்னரைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் மூடியுள்ள உலோகக் கலத்திலோ கண்ணாடிப் புட்டியிலோ சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தயாரிப்பாளர் வெளியிடும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. அதில் உள்ள கரைப்பானையும் அதற்குரிய காப்பையும் பற்றிய இரண்டு பகுதிகளையாவது படியுங்கள்.

6. மாடலைத் தொடும் முன் ஒரு வாரம் வெறும் தாள்

கிண்ணத்தில் நீரும் சில சொட்டு மையும் போதும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பழக வேண்டியது ஒரே ஒழுங்கு: முதலில் காற்று, பிறகு வண்ணம், நிறுத்தும்போது முதலில் வண்ணம், கடைசியில் காற்று. ட்ரிகரை அழுத்தி, இழுத்து, முன்னே விட்டு, அதன் பிறகே விரலை எடுக்க வேண்டும். ஊசி பின்னால் இருக்கும்போதே விரலை எடுத்துவிட்டால் முனையில் ஒரு சொட்டு தங்கிவிடும்; அடுத்த முறை அழுத்தியதும் அந்தச் சொட்டுதான் முதலில் மாடலில் போய் விழும். ‘ஏர்பிரஷ் துப்புகிறது’ என்ற புகாரில் பெரும்பகுதி இதனால் வருவதே.

தாளில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் புள்ளி வையுங்கள். அடுத்து இரு புள்ளிகளை இணைக்கும் கோடுகள். கோடு தொடங்கும் முன்பே கை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், கோடு முடிந்த பின்பும் நகர வேண்டும். மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து நகர்த்துங்கள். அது கைவந்ததும் பிளாஸ்டிக் கரண்டிகளில் உண்மையான வண்ணத்தைத் தெளியுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சி உங்கள் பிழைகளை மறைத்துவிடும், கரண்டியின் குழிந்த பரப்பு ஒன்றையும் மறைக்காது.

7. தின்னர் கலத்தல்: எல்லாமே இங்கேதான்

முதலில் வண்ணத்தின் குடும்பத்தை அறிந்துகொள்ளுங்கள். வய்யெஹோ போன்ற நீர் அடிப்படை அக்ரிலிக்குகளுக்கு அவற்றுக்குரிய தின்னரையே பயன்படுத்துங்கள். ஆல்கஹாலோ லாக்கர் தின்னரோ சேர்த்தால் வண்ணம் தயிர்போல் திரிந்து நாசிலை அடைத்துவிடும். தமியா அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்தது, அதன் சொந்தத் தின்னரோடும் லாக்கர் வகை லெவலிங் தின்னரோடும் நன்றாகச் சேரும். எனாமலுக்கு அதற்குரிய தின்னரோ வெள்ளை ஸ்பிரிட்டோ. மிஸ்டர் கலர் போன்ற லாக்கர்களுக்கு லாக்கர் தின்னர் மட்டும். சந்தேகம் இருந்தால், கிண்ணத்தில் ஊற்றும் முன் ஒரு மூடியில் இரண்டு சொட்டைக் கலந்து ஐந்து நிமிடம் பாருங்கள். எட்டு மாதத்தில் நான் கழற்றிய நாசில்களில் பாதி இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாததால் அடைத்தவை.

விகிதம் என்று கேட்டால், தமியா அக்ரிலிக்குக்கு வண்ணமும் தின்னரும் சம அளவில் தொடங்கி, தின்னரை ஒன்றரை மடங்கு வரை கூட்டலாம். லாக்கருக்கு ஒன்றுக்கு இரண்டு. ஏர்பிரஷுக்கென்றே விற்கப்படும் நீர் அக்ரிலிக்குக்குச் சில சொட்டுகள் போதும். ஆனால் இந்த எண்கள் தொடக்கப்புள்ளி மட்டுமே, ஏனென்றால் புட்டி பழையதாக ஆக வண்ணம் கெட்டிப்படும், வெப்பமான நாளில் தின்னர் வேகமாகப் பறக்கும். கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது இப்படி: கலந்ததைக் கலக்குங்குச்சியால் கிண்ணச் சுவரின் மேல் பகுதிக்குத் தள்ளிவிடுங்கள். அது பால் வழிவதுபோல் இறங்கி, பின்னால் மெல்லிய படலத்தை விட்டுச்செல்ல வேண்டும். படலமே இல்லாமல் தெளிந்த சுவர் தெரிந்தால் தின்னர் அதிகம். இறங்காமல் தடித்து நின்றால் குறைவு.

கலப்பதைத் தனிக் கிண்ணத்தில் செய்யுங்கள். ஏர்பிரஷ் கிண்ணத்திலேயே கலக்க வேண்டியிருந்தால் தின்னரை முதலில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கலக்காத கெட்டி வண்ணம் நாசிலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வண்ணத்தின் நீர்ப்பு, அழுத்தம், தூரம் மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பொதுவான பூச்சுக்கு 15 முதல் 20 பிஎஸ்ஐ, மாடலிலிருந்து 5 முதல் 10 செ.மீ. பிரைமருக்கு 20 முதல் 25. மெல்லிய கோடும் புகைப்படலம் போன்ற நிழலும் வேண்டுமானால் வண்ணத்தை இன்னும் நீர்க்கச் செய்து, அழுத்தத்தை 10-12 வரை இறக்கி, 2-3 செ.மீ. நெருக்கத்துக்கு வர வேண்டும். நன்றாக வந்துகொண்டிருக்கும்போது மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் சமநிலை கெடும். தெளித்ததும் வண்ணம் எட்டுக்கால் பூச்சிபோல் கால் பரப்பி ஓடினால், அது மிகவும் நீர்த்திருக்கிறது, அல்லது அழுத்தம் மிகுதி, அல்லது மிக நெருக்கம். மாறாக, தடவினால் மாவுபோல் சொரசொரத்தால், துளி மாடலை அடையும் முன்பே காற்றில் உலர்ந்துவிடுகிறது. அருகே வாருங்கள், தின்னரைக் கூட்டுங்கள் அல்லது அழுத்தத்தைக் குறையுங்கள். பிழை திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிக் கரண்டியில் பாருங்கள். சரியாக வந்த விகிதத்தையும் அழுத்தத்தையும் நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் இப்போது நாற்பதுக்கு மேற்பட்ட வரிகள் இருக்கின்றன, புதுப் புட்டி திறக்கும்போதெல்லாம் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

8. முதல் மாடல்: நேரக் கணக்கு

முதல் நாள் பாகங்களைப் பாத்திர சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி இரவு முழுதும் உலரவிடுங்கள். அச்சிலிருந்து கழன்றுவர இட்ட எண்ணெய்ப்பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. அதன்பின் வெறும் கையால் தொடாமல் கையுறை அணியுங்கள்.

இரண்டாம் நாள் பிரைமர். லாக்கர் பிரைமர் என்றால் ஓரிரு மணி நேரத்தில் அடுத்த வேலைக்குப் போகலாம். நீர் அடிப்படைப் பிரைமரை 24 மணி நேரம் விட்டுவிடுங்கள், அதற்கு முன் தேய்த்தால் தோல்போல் உரிந்து வரும்.

மூன்றாம் நாள் வண்ணம். மூலைகளையும் பொருத்துவாய்களையும் முதலில் தெளித்துவிட்டு, பிறகு பரப்புகளுக்கு வாருங்கள். முதல் பூச்சு அடித்தளம் தெரியும் அளவுக்கு மெலிதாகவே இருக்கட்டும். இரண்டு நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று நான்கு பூச்சில் நிறம் நிறைந்துவிடும். ஒரே பூச்சில் மூட முயல்வதுதான் வழிதலுக்கும், மாடலின் மேல் செதுக்கியிருக்கும் பலகைக்கோடுகள் மறைந்துபோவதற்கும் காரணம். சரியான பூச்சு விழும் நொடியில் ஈரமாகப் பளபளத்து, சில விநாடிகளில் அந்தப் பளபளப்பு அடங்குவதைப் பார்க்கலாம். அந்தப் பளபளப்பே இல்லையென்றால் உலர்ந்த துளிதான் விழுகிறது.

மறைப்புநாடா ஒட்டும் முன் அக்ரிலிக்கை ஓரிரவு விடுங்கள், எனாமலைக் குறைந்தது ஒரு முழு நாள், பளபளப்பு எனாமலை இன்னும் கூடுதலாக. தொட்டால் ஒட்டவில்லை என்பது முழுதாக உலர்ந்ததற்கு அடையாளமன்று. மூக்கருகே வைத்தால் தின்னர் வாசம் இருக்கிறதா என்பதே நல்ல சோதனை. ஆகவே இரண்டு நிறமுள்ள சிறிய மாடலுக்கும் நான்கைந்து மாலைகள் ஆகும். அந்த நேரத்தை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டால் அவசரப்பட மாட்டீர்கள்.

9. சுத்தம்: தெளித்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு

வண்ணம் மாற்றும்போது இரண்டு நிமிடம் போதும். மிஞ்சியதை ஊற்றிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, தின்னர் ஊற்றித் தெளிவாக வரும்வரை தெளியுங்கள். முன்மூடியை மெல்லிய துணியால் இலேசாக மூடி ட்ரிகரை இழுத்தால் காற்று பின்னோக்கிப் போய்க் கிண்ணத்தில் குமிழிடும். உள்ளே ஒட்டியிருப்பது கிளம்பி மேலே வரும். அழுத்தத்தைக் குறைத்துவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் முகத்தில் தெறிக்கும்.

அன்றைய வேலை முடிந்ததும் பத்து நிமிடம் வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்தி, ஊசியை நேராகப் பின்னால் உருவுங்கள். தின்னர் நனைத்த துணியை மடித்து அதனுள் ஊசியை வைத்து, சுழற்றியபடியே பின்புறத்திலிருந்து முனை நோக்கி இழுங்கள். முனையிலிருந்து பின்னோக்கித் துடைத்தால் முனை துணியில் சிக்கி வளையும், விரலிலும் குத்தும். முதல் துடைப்பில் துணியில் நிறக்கோடு விழும், மூன்றாவது துடைப்பில் ஒன்றும் விழக்கூடாது. நாசிலை உள்ளிருந்து சுத்தம் செய்ய அதற்குரிய மெல்லிய கருவி மட்டும். தையலூசியால் குத்தினால் வாய் விரிந்து, அதன்பின் ஒருபோதும் நேராகத் தெளிக்காது. திரும்ப மாட்டும்போது ஊசியை மெல்லச் செலுத்தி, தடுப்பு தட்டியதும் நிறுத்தித் திருகை இறுக்குங்கள். தள்ளி அழுத்தினால் நாசில் பிளந்துவிடும்.

முழு ஏர்பிரஷையும் தின்னரில் ஊறப்போடாதீர்கள். காற்று வால்வில் உள்ள ரப்பர்கள் கெடும், உலர்ந்த வண்ணம் கரைந்து இதுவரை போகாத இடங்களுக்கெல்லாம் போகும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானை அவசரத்துக்குப் பயன்படுத்தினால் உடனே கழுவிவிடுங்கள். நீண்ட நேரம் இருந்தால் அது பித்தளையை அரிக்கும். ஊசி செல்லும் வழியில் ஏர்பிரஷுக்குரிய மசகு ஒரு துளி இட்டால் ட்ரிகர் வழுவழுவென்று நகரும்.

10. கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

கிண்ணத்தில் தானாகக் குமிழி வந்தால் காற்று வண்ணப் பாதைக்குள் நுழைகிறது. முன்மூடி தளர்ந்திருக்கிறதா, நாசில் சரியாக அமர்ந்திருக்கிறதா, அதில் விரிசல் இருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் முதலாவதிலேயே முடிந்துவிடும்.

காற்று வருகிறது, வண்ணம் வரவில்லையென்றால், கிண்ண மூடியில் உள்ள சிறு துளை அடைத்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அதன் பிறகே நாசிலைக் கழற்றுங்கள். பத்து நிமிடம் நன்றாகத் தெளித்துவிட்டுத் திடீரெனக் குறைந்தால், ஊசி முனையில் வண்ணம் உலர்ந்து மணிபோல் சேர்ந்திருக்கும். தின்னர் நனைத்த தூரிகையால் முனையைத் தொட்டெடுங்கள். நீர் அக்ரிலிக்கில் இது ஐந்து நிமிடத்துக்கொரு முறைகூட நேரும், உலர்தலைத் தாமதப்படுத்தும் மருந்து சில சொட்டுச் சேர்த்தால் குறையும்.

தெளிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் ஊசி வளைந்திருக்கிறது. ஊசியைக் கழற்றி, நகத்தின் மேல் முனையைச் சாய்த்து வைத்து மெல்லச் சுழற்றுங்கள். கொக்கிபோல் எங்காவது தட்டும். இலேசான வளைவை மட்டும், கண்ணாடிப் பரப்பில் வைத்து முனை நோக்கி உருட்டியபடி விரலால் அழுத்தி நிமிர்த்தலாம். மடிந்துவிட்ட முனையை அப்படியே திரும்ப மாட்டினால் அது நாசிலையும் உள்ளிருந்து கீறிவிடும், ஒரு பாகத்துக்குப் பதில் இரண்டு வாங்க வேண்டியதாகும். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்று ஊசியை மாட்டுங்கள்.